அழிப்பானை வைத்துவிட்டு மறைப்புத்திரையை எடுப்போம்



இந்தப் பதிவில் ஒரு சிறிய கணினி நுட்பத்தைப் பற்றி எழுத விழைகிறேன். நிழற்படங்களைத் திருத்த உதவும் ‘கிம்ப்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் ‘மாஸ்க்’ என்றொரு வசதி உண்டு. அதை நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கற்க வேண்டும். படிநிலை இரண்டில் பயிலும் மாணவர்களுக்கும் கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து. ‘படத்தை வெட்டி ஒட்டுவதற்கெல்லாம் ஒரு பதிவா?’ என்று சிலர் எண்ணக்கூடும். பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் தங்கள் முகத்தை எப்படிப் பார்க்கிறார்கள், கண்ணால் கண்ட படத்தை எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பவற்றோடு தொடர்புடைய செய்தி இது.

அழிப்பதும் மறைப்பதும்

பரிசளிப்பு விழா, போட்டி விளையாட்டு, பொங்கல் விழா, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை என்று பள்ளியில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சி இருந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதாகை வேண்டும், நற்சான்றிதழ் வேண்டும், ஆண்டிதழுக்கு அட்டைப்படம் வேண்டும். ‘இவருக்குக் கணினி தெரியும்’ என்று பெயர் வாங்கிவிட்ட ஆசிரியரின் தலையில்தான் இந்த வேலை வந்து விழும்.

அவர் பெரும்பாலும் என்ன செய்கிறார்? மாணவரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க அழிப்பான் கருவியை எடுத்து, உருவத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தேய்த்துத் தேய்த்து நீக்குகிறார். கை சற்றே வழுக்கினால் காதின் விளிம்பு போய்விடும். சடையின் நுனி போய்விடும். இரண்டு மணி நேரம் உழைத்து, கோப்பைச் சேமித்து மூடிவிட்ட பிறகு, ‘பிள்ளையின் கையில் இருந்த கோப்பையும் தெரிய வேண்டுமே’ என்று தலைமையாசிரியர் கேட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அழித்தது அழிந்ததே.

மறைப்புத்திரையின் வழி வேறு. படத்தின் ஒரு புள்ளியைக்கூட அது நீக்குவதில்லை. படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையைப் போடுகிறது. அந்தத் திரையில் வெள்ளை பூசிய இடத்தில் படம் தெரியும். கறுப்புப் பூசிய இடத்தில் படம் மறைந்து, அதற்குக் கீழே உள்ள அடுக்கு தெரியும். சாம்பல் பூசிய இடத்தில் படம் அரைகுறையாகத் தெரியும். கறுப்புக்கு மதிப்பு 0, வெள்ளைக்கு 255. இடையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒவ்வோர் அளவு தெளிவு. தவறுதலாகக் காதை மறைத்துவிட்டால், வெள்ளைத் தூரிகையால் அதே இடத்தில் தடவினால் போதும். காது திரும்ப வந்துவிடும். இன்று மறைத்ததை அடுத்த ஆண்டுகூட வெளிக்கொணரலாம்.

இவ்வளவுதான் இந்த நுட்பத்தின் சாரம். இதைப் பத்து அகவைப் பிள்ளையும் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளும்.

பெயரைப் பற்றி ஒரு சொல்

‘மாஸ்க்’ என்பதை ‘முகமூடி’ என்று மொழிபெயர்ப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முகமூடி அணிபவன் தன்னை மறைத்து வேறொருவனாகக் காட்டிக்கொள்கிறான். இங்கே நடப்பது அதுவன்று. எந்த இடம் தெரியலாம், எந்த இடம் தெரியக்கூடாது என்று வரையறை செய்யும் வேலை நடக்கிறது. ஆகவே ‘மறைப்புத்திரை’ என்று சொல்லிப் பார்த்தேன். மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். திரை விலகினால் உருவம் தெரியும், திரை விழுந்தால் மறையும் என்பது கோயிலுக்குச் செல்லும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த செய்திதானே! அலங்காரம் நடக்கும்போது கருவறையின் முன் திரை போடுகிறார்கள். திரைக்குப் பின்னால் சிலை அப்படியேதான் இருக்கிறது. இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த நூலில் கிடைக்கும்?

நல்ல சொல் கிடைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பது தமிழாசிரியனாக நான் கண்ட உண்மை. ‘லேயர்’ என்பதை ‘அடுக்கு’ என்போம். ‘செலக்‌ஷன்’ என்பதைத் ‘தேர்வுப் பகுதி’ என்போம். பட்டியில் ஆங்கிலச் சொல் இருந்தாலும் வாயில் தமிழ்ச்சொல் இருக்கட்டும்.

இது புதிய கலையா?

கணினி வந்த பிறகு தோன்றிய வித்தை என்று இதை நினைக்க வேண்டா. நம் நாட்டுப் பாத்தேக் துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைவினைஞர் சாந்திங் என்னும் சிறு கருவியால் உருகிய மெழுகைத் துணியின்மீது கோடாக இழுக்கிறார். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடத்தில் ஏறும். இறுதியில் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கிவிடுவார்கள். மெழுகுதான் அங்கே மறைப்புத்திரை. பள்ளியில் பாத்தேக் செய்து பார்த்த மாணவருக்குக் கிம்ப் மென்பொருளின் மறைப்புத்திரை அந்நியமாக இராது.

நிழற்படக் கலையிலும் இது மிகப் பழையது. 1850களில் பிரான்சு நாட்டுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளைப் படம்பிடித்தார். அக்காலத்துப் படத்தகட்டில் கடலுக்கு ஏற்ற ஒளி அளவை வைத்தால் வானம் வெளிறிப் போகும். வானத்துக்கு ஏற்ப வைத்தால் கடல் இருண்டு போகும். ஆகவே வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு என்று இரண்டைக் கொண்டு ஒரே தாளில் அச்சிட்டார். ஒன்றை அச்சிடும்போது மற்றதன் இடத்தை மறைத்தாக வேண்டும். அதே சிக்கலைத்தான் இன்று நம் ஆசிரியர்கள் பள்ளித் திடலில் நண்பகல் வெயிலில் சந்திக்கிறார்கள்.

தமிழ்த் திரைப்படத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1965ஆம் ஆண்டு வெளிவந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்ததை நம் வீட்டுத் தாத்தா பாட்டிகள் இன்றும் பேசுவார்கள். கணினி இல்லாத அக்காலத்தில் ஒரே நடிகர் இருவராகத் திரையில் தோன்றும் காட்சிகளை எடுக்கக் கையாளப்பட்ட வழிகளுள் ஒன்று ‘மாஸ்க் ஷாட்’. படக்கருவியை அசையாமல் நிறுத்தி, வில்லையின் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு ஒரு முறை எடுப்பார்கள். படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்துக்கொண்டு இன்னொரு முறை எடுப்பார்கள். இதை வகுப்பில் சொன்னால் மாணவர்களின் கண்கள் விரியும். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடமும் கேட்பார்கள். அதுவும் ஒரு பயன்தான்.

கிம்ப் ஏன்?

விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களிலும் இந்த வசதி இருக்கிறதே, அவற்றையே பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். பயன்படுத்தலாம், பணம் இருந்தால். இத்துறையில் பெயர் பெற்ற நிறுவனமான அடோபி, 2013ஆம் ஆண்டு முதல் தன் வரைகலை மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றிக்கொண்டது. ஒருமுறை வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் காலம் அத்தோடு போயிற்று. தோட்டப்புறத்துச் சிறிய பள்ளியின் கணினி அறைக்கு இது தாங்குமா? அந்தப் பள்ளிக்கே தாங்கினாலும், அதே மாணவர் வீட்டில் பயிற்சி செய்ய அவருடைய பெற்றோருக்குத் தாங்குமா?

இதற்கு நம் மக்கள் கண்டுபிடித்த குறுக்குவழி எல்லாருக்கும் தெரியும்: பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் படி. நன்னெறிப் பாடத்தில் பிறர் பொருளை எடுப்பது தவறு என்று கற்பித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் திருடிய மென்பொருளைத் திறந்து வைத்து ‘இதைப் பாருங்கள்’ என்று சொல்வது எந்த வகையில் முறையாகும்? பிள்ளைகள் நாம் சொல்வதைவிடச் செய்வதைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள்.

கிம்ப் மென்பொருளின் வரலாறே மாணவர்களுக்கு ஒரு பாடம். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இருவர் இதைத் தொடங்கினார்கள். 1996இல் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள். அதன்பின் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். 2018இல் 2.10 பதிப்பும், 2025 மார்ச்சு மாதத்தில் 3.0 பதிப்பும் வந்தன. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நம் மலேசிய அரசும் 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. எனவே இது ஏதோ புதுமை விரும்பிகளின் தனிப்பட்ட ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கிம்ப் கைப்பேசியில் இயங்குவதற்காக உருவாக்கப்பட்டதன்று, கணினி வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் இல்லிருப்புக் கற்றல் நடந்தபோது, எத்தனை குடும்பங்களில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருந்தது என்பதை ஆசிரியர்கள் நாம் நன்கறிவோம். ஆகவே வீட்டில் கணினி இல்லாத மாணவருக்குப் பள்ளிக் கணினி அறையே கதி. கணினி மன்ற நேரத்தில் அவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். பள்ளியின் கணினி பழையதாயின் 2.10 பதிப்பே போதும். மறைப்புத்திரை இரண்டிலும் ஒன்றுதான்.

செய்முறை: இருண்ட முகத்துக்கு ஒளி

இப்போது ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்ப்போம். திடலில் எடுத்த குழுப்படம் ஒன்று. பின்னால் வானம் பளிச்சென்று இருக்கிறது. மரநிழலில் நின்ற பிள்ளைகளின் முகம் இருண்டு, கண்ணும் மூக்கும் தெரியவில்லை. படத்தை முழுவதுமாக வெளிச்சப்படுத்தினால் வானமும் வெள்ளைச் சட்டையும் வெளிறிப் போகும். இங்கேதான் மறைப்புத்திரை கைகொடுக்கிறது.

முதலில் படத்தைத் திறந்து, அதன் அடுக்கைப் படியெடுங்கள். இப்போது ஒரே படம் இரண்டு அடுக்குகளாக இருக்கும். மேல் அடுக்கைத் தேர்ந்தெடுத்து, ‘கலர்ஸ்’ பட்டியில் ‘கர்வ்ஸ்’ என்பதைத் திறந்து, கோட்டின் நடுப்பகுதியைச் சற்றே மேலே இழுங்கள். முகங்கள் தெளிவாகத் தெரியும்வரை இழுக்கலாம். வானம் வெளிறினாலும் கவலை வேண்டா.

அடுத்து ‘லேயர்’ பட்டியில் ‘மாஸ்க்’ பகுதிக்குச் சென்று ‘ஆட் லேயர் மாஸ்க்’ என்பதைச் சொடுக்குங்கள். எந்த வகைத் திரை வேண்டும் என்று கேட்கும். கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சமான மேல் அடுக்கு முழுவதும் மறைந்து பழைய படம் தெரியும்.

இனித் தூரிகையை எடுங்கள். விளிம்பு மென்மையான பெரிய தூரிகையாக இருக்கட்டும். விசைப்பலகையில் ‘டி’ விசையைத் தட்டினால் நிறங்கள் கறுப்பு வெள்ளையாகும்; ‘எக்ஸ்’ விசையைத் தட்டினால் அவை இரண்டும் இடம் மாறும். வெள்ளையை முன்னால் கொண்டுவந்து, தூரிகையின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டு, முகங்களின்மேல் மெல்லத் தடவுங்கள். தடவத் தடவ ஒளி கூடும். கைதவறி வானத்தில் பட்டுவிட்டால் ‘எக்ஸ்’ விசையைத் தட்டிக் கறுப்பால் தடவிவிடுங்கள்.

தொடக்கநிலையினர் இங்கே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அடுக்குப் பெட்டியில் படத்தின் சிற்றுருவும் திரையின் சிற்றுருவும் அருகருகே இருக்கும். திரையைச் சொடுக்கிவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும். இல்லையேல் பிள்ளையின் முகத்தில் உண்மையாகவே வெள்ளை பூசப்பட்டுவிடும். வகுப்பில் இது நடந்தால் சிரிப்பலை எழும். நடக்கட்டும், ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘இசட்’ விசையைத் தட்டினால் மீண்டுவிடும்.

வேலை முடிந்ததும் கோப்பை எக்ஸ்.சி.எஃப். வடிவில் சேமியுங்கள். அதில்தான் அடுக்குகளும் திரைகளும் அப்படியே நிலைக்கும். அச்சுக்கோ இணையத்துக்கோ அனுப்ப ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ வழியாக ஜேபெக் வடிவில் தனியாக ஒரு படி எடுங்கள்.

ஒரு தட்டில் முடிகிற வேலைக்கு இவ்வளவா?

‘ஐயா, இப்போது கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் பின்னணி தானாக நீங்கிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு முகத்துக்கு ஒளியும் கொடுக்கிறது. இதையெல்லாம் கற்று என்ன பயன்?’ என்று இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவசர வேலைக்கு அந்த வசதியைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்த ஒரு தட்டில் பொறி என்ன செய்கிறது? அதுவும் ஒரு மறைப்புத்திரையைத்தான் உருவாக்குகிறது. எது உருவம், எது பின்னணி என்று தானே முடிவு செய்கிறது. தலையில் சூடிய மல்லிகைச் சரத்தைச் சில வேளை பின்னணி என்று எண்ணி வெட்டிவிடும். குத்துவிளக்கின் சுடரை விட்டுவிடும். பரதநாட்டிய உடையின் விசிறி மடிப்பில் தடுமாறும். அந்த நேரத்தில் திருத்தத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் அல்லவா? பெருக்கற்பொறி வந்துவிட்டது என்பதற்காக நாம் வாய்பாட்டைக் கைவிட்டோமா? பொறி கொடுத்த விடை சரியா என்று ஐயுறத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வாய்பாடு கற்பிக்கிறோம்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரிது. புலனக் குழுக்களில் நாள்தோறும் வந்து விழும் படங்களில் எது மெய், எது பொய் என்று பெரியவர்களே தடுமாறும் காலம் இது. ஒருவர் போகாத இடத்தில் அவரை நிற்க வைத்துக் காட்டலாம். கூடாத கூட்டத்தைக் கூட்டிக் காட்டலாம். இரண்டு படங்களைத் தன் கையால் ஒன்றாக்கிப் பார்த்த மாணவர், பிறர் ஒட்டிய படத்தைப் பார்க்கும்போது கேள்வி கேட்பார். நிழல் ஏன் இந்தப் பக்கம் விழுகிறது? தலைமுடியின் ஓரம் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது? முகத்தில் ஒளி இடப்பக்கமிருந்தும் பின்னணியில் வலப்பக்கமிருந்தும் வருகிறதே? இன்றைய செயற்கை நுண்ணறிவுப் படங்கள் எல்லாவற்றையும் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘படம் இருக்கிறது, ஆகவே உண்மை’ என்று நம்பிவிடாத மனம் உருவாகும். அந்த மனம் எந்த மென்பொருளையும்விட நெடுநாள் நிலைக்கும்.

ஒளியும் வெளுப்பும்

இப்போது, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

பாலர் பள்ளிப் பட்டமளிப்பு விழாப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கியும் தொப்பியும் அணிந்த ஆறு அகவைக் குழந்தைகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படப்பிடிப்பு நிலையம் எடுத்துக் கொடுத்த அத்தகைய படங்களைப் பெற்றோர் சிலர் என்னிடம் காட்டினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் முகம் ஒரே நிறமாக வெளுக்கப்பட்டிருந்தது. முகம் ஒரு நிறம், சான்றிதழைப் பிடித்திருந்த கை வேறு நிறம். யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் யாரும் ஏன் என்றும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வேதனை. மாறாக, ‘சார், எங்க புள்ள மொகத்தையும் இப்படிக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க சார்’ என்று வேறொரு தாயார் பள்ளிப் படத்தை நீட்டினார். அவர் மகள் அருகில்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

அந்தத் தாயாரைக் குறை சொல்ல மாட்டேன். தம் பிள்ளை அழகாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வெளுப்பே அழகு என்று அவருக்குக் கற்பித்தது விளம்பரங்களும் திரைப்படங்களும்தாம். நிழற்படத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக ‘ஷர்லி அட்டை’ என்னும் மாதிரிப் படத்தைப் படக்கூடங்களுக்கு அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண். அவருடைய நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்று கொண்டார்கள். கருநிறத் தோலுடையவரின் முகம் அந்த அளவுகோலில் இருண்டு போவது இயல்பே. பல இனத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன. ஆக, நம் பிள்ளைகளின் முகம் பழைய படங்களில் தெளிவாக விழாததற்கு அவர்களுடைய நிறம் காரணமன்று. அளவுகோல் அவர்களுக்காக வரையப்படவில்லை என்பதே காரணம்.

மேலே சொன்ன செய்முறை இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. இருண்ட முகத்துக்கு ஒளி கொடுப்பது வேறு, கறுத்த முகத்தை வெளுப்பது வேறு. மரநிழலில் நின்ற பிள்ளையின் கண்ணும் புன்னகையும் தெரியும்படி ஒளியைக் கூட்டினால், கண்ணாடியில் அந்தப் பிள்ளை நாள்தோறும் காணும் முகமே படத்திலும் தெரியும். அது கடமை. அந்த எல்லையைத் தாண்டித் தோலின் நிறத்தையே மாற்றினால், ‘உன் முகம் இருக்கிறபடி போதாது’ என்று அந்தப் பிள்ளைக்கு எழுத்தில்லாமல் எழுதிக் கொடுக்கிறோம். அது தீங்கு.

இரண்டுக்கும் இடையே உள்ள எல்லையை எப்படி அறிவது? நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி எளியது. முகத்தைத் திருத்தும்போது கழுத்தையும் கையையும் பாருங்கள். ஒரே நிழலில் இருந்த முகமும் கையும் ஒரே நிறமாக இருக்கின்றனவா? அடுத்து, அருகில் வெயிலில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். நிழலில் நின்றவரும் அதே வெயிலுக்கு வந்திருந்தால் எப்படித் தெரிவாரோ அந்த அளவோடு நிறுத்துங்கள். கடைசியாக, ‘கண்ட்ரோல்’ விசையை அழுத்திக்கொண்டு திரையின் சிற்றுருவைச் சொடுக்குங்கள். திரை செயலிழந்து பழைய படம் தெரியும். மீண்டும் சொடுக்கினால் புதியது தெரியும். இரண்டிலும் ஒரே பிள்ளைதான் நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையை அழிப்பானால் செய்ய முடியாது. பழையது அங்கே இருக்கிறது, எந்நேரமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்னும் நிலையை மறைப்புத்திரைதான் தருகிறது. செய்த மாற்றத்துக்குக் கணக்குக் காட்டும் நேர்மை அந்த நுட்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

மறைத்தது மறைந்துவிட்டதா?

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. பிள்ளைகளின் படத்தை இணையத்தில் ஏற்றும்போது, பிற பிள்ளைகளின் முகத்தையோ சட்டையிலுள்ள பெயர்ப்பட்டையையோ மறைப்பது நல்ல பழக்கம். ஆனால் மறைப்புத்திரையால் மறைத்துவிட்டு எக்ஸ்.சி.எஃப். கோப்பையே ஒருவருக்கு அனுப்பினால், பெறுபவர் திரையை நீக்கி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். திருத்துவதற்கு எது வசதியோ, காப்பதற்கு அதுவே ஆபத்து. பி.என்.ஜி. வடிவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஊடுருவித் தெரியும்படி ஆக்கப்பட்ட புள்ளிகளின் நிறத்தையும் சேர்த்துச் சேமிக்கும் தெரிவு ஒன்று கிம்ப் ஏற்றுமதிப் பெட்டியில் இருக்கிறது. அது தெரிவு செய்யப்பட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத முகம் கோப்புக்குள் ஒளிந்திருக்கக்கூடும்.

ஆகவே உண்மையிலேயே மறைக்க வேண்டியதை, குறிப்பாக மைகிட் அட்டையின் எண்ணை, அழுத்தமான கறுப்புக் கட்டத்தால் மூடி, ஜேபெக் படியாக ஏற்றுமதி செய்து, அந்தப் படியை மட்டும் அனுப்புங்கள். எண்களைக் கலங்கலாக்கினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்; கலங்கலாக்கிய எழுத்தையும் எண்ணையும் ஊகித்து மீட்கும் வழிகள் உண்டு. எப்போது மறைக்க வேண்டும், எப்போது அழிக்கவே வேண்டும் என்று தெரிந்திருப்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

வகுப்பறைக்கு ஒரு திட்டம்

கணினி மன்றத்தில் நான்கு சந்திப்புகள் போதும் என்பது என் பட்டறிவு.

முதல் சந்திப்பில் கணினியைத் தொடவே வேண்டா. நாளிதழ்ப் படம் ஒன்றின்மேல் கறுப்புத் தாளை வைத்து, அதில் சன்னல் வெட்டச் சொல்லுங்கள். எது தெரிகிறது, எது மறைகிறது? சன்னலில் எண்ணெய்த்தாளை ஒட்டினால் அரைகுறையாகத் தெரியும். அதுவே சாம்பல் நிறம்.

இரண்டாம் சந்திப்பில் இரண்டு அடுக்குகளும் ஒரு திரையும். கறுப்பாலும் வெள்ளையாலும் தடவி விளையாடட்டும். மூன்றாம் சந்திப்பில் பள்ளிக் கட்டடத்தின் காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் நிறச்சரிவுக் கருவியால் ஒன்றாக இணைக்கட்டும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் சரிவைத் திரையில் இழுத்தால், காலை மாலையாக உருகுவதைக் காண்பார்கள்.

நான்காம் சந்திப்பில் இருண்ட முகத்துக்கு ஒளி கொடுக்கும் பயிற்சி. அதன் முடிவில் ஒவ்வொரு மாணவரும் படத்தின்கீழ்த் தமிழில் மூன்று வாக்கியம் எழுத வேண்டும்: எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், எதை மாற்றவில்லை. மூன்றாம் வாக்கியமே முக்கியம். ‘முகத்தில் ஒளியைக் கூட்டினேன். கண்கள் தெரியவில்லை என்பதால் கூட்டினேன். நிறத்தை மாற்றவில்லை.’ இப்படி எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் கருத்து விளக்கக் கட்டுரையும் எழுத வரும். தன் செயலுக்குப் பொறுப்பேற்கவும் வரும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளியிலிருந்தோ படப்பிடிப்பு நிலையத்திலிருந்தோ பிள்ளையின் படம் வரும்போது, முகத்தையும் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், ‘எங்கள் பிள்ளையின் நிறத்தில் படம் வேண்டும்’ என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளையின் காதில் விழும்படியே கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. பள்ளிக் கணினியில் கிம்ப் மென்பொருளை நிறுவப் பணம் தேவையில்லை. ஒரு பிற்பகல் நேரம் போதும். நிறுவிவிட்டு, உங்கள் பள்ளியின் குழுப்படம் ஒன்றைத் திறந்து, நிழலில் நிற்கும் ஒரு பிள்ளையின் முகத்துக்கு ஒளி கொடுத்துப் பாருங்கள். ஐயம் ஏற்பட்டால் பின்னூட்டத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன்.

அன்புடன் விடைபெறுகிறேன். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.